மொஸ்கால்: ஒரு வசைச்சொல் வந்த வழி

2013-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கீவ் நகரின் சுதந்திரச் சதுக்கத்தில் கூடியிருந்த இளைஞர்கள் ஒரு கோஷம் போட்டார்கள். "ஹ்தோ நே ஸ்காச்செ, தொய் மொஸ்கால்!" எவன் குதிக்கவில்லையோ அவன் மொஸ்கால் என்று பொருள். சொல்லிக்கொண்டே கூட்டம் மொத்தமும் துள்ளிக் குதிக்கும். கால்பந்து ரசிகர்களின் பாணி அது. உறைபனியில் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு உடம்பு சூடேறவும் உதவியது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் கையெழுத்தாகவிருந்த ஒப்பந்தத்தை அதிபர் யானுகோவிச்சின் அரசு நவம்பர் 21 அன்று நிறுத்திவைத்ததால் வெடித்த போராட்டம் அது. குதித்தவர்களில் பலர் வீட்டில் ரஷ்ய மொழி பேசியவர்கள்.

ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. உக்ரைனில் ரஷ்யர்கள் மீது இனவெறி பொங்குகிறது, இதோ சாட்சி என்றது. உக்ரைனியர்களோ, நாங்கள் சொன்னது ரஷ்ய மக்களை அல்ல, எங்கள் கழுத்தில் கால் வைக்கும் மாஸ்கோ அதிகாரத்தை என்றார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு தரப்பும் இரண்டு பொருள் சொன்னது. இதில் யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்டினால் மட்டும் போதாது. சுமார் நானூறு ஆண்டுகளாக இந்தச் சொல் யார் வாயில், யாரைப் பார்த்து, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறப்பில் இது வசை கிடையாது. மாஸ்கோவைச் சேர்ந்தவன் என்பதுதான் இதன் வேர்ப்பொருள். போலந்து-லித்துவேனியக் கூட்டரசு கிழக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட காலத்தில் போலிஷ், பெலாரசிய, உக்ரைனிய மொழிகளில் சாதாரணமாகப் புழங்கிய பெயர். சரி, ரஷ்யர்களை ரஷ்யர்கள் என்று கூப்பிடாமல் ஏன் ஊர்ப்பெயரால் கூப்பிட்டார்கள்? அந்தப் பெயருக்கு அப்போது வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதுதான் காரணம். கீவை மையமாகக் கொண்டு இடைக்காலத்தில் எழுந்த அரசின் பெயர் ரூஸ். இன்றைய உக்ரைனியர்கள், பெலாரசியர்களின் முன்னோர் தங்களை அந்தப் பெயராலேயே ரூசின், ருஸ்கி என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். ஆகவே வடகிழக்கில் வளர்ந்துவந்த மாஸ்கோ அரசின் மக்களுக்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. மாஸ்கோக்காரர் என்றார்கள்.

பின்னால் மாஸ்கோ அரசு அந்தப் பழைய பெயரைத் தனதாக்கிக்கொண்டது. 1721-இல் மகா பீட்டர் தன் நாட்டை ரஷ்யப் பேரரசு என்று அறிவித்தார். போலந்து-லித்துவேனியா அந்தப் பட்டத்தை உடனே ஏற்கவில்லை, 1764 வரை இழுத்தடித்தது. ஒரு பட்டத்துக்கு நாற்பது ஆண்டுத் தயக்கம் ஏன் என்றால், ரூஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டால் ரூஸ் நிலமெல்லாம் தனக்கே என்று மாஸ்கோ உரிமை கேட்கும் என்ற பயம். அந்தப் பயம் வீண்போகவில்லை. 1772 தொடங்கி 1795-க்குள் மூன்று தவணைகளில் போலந்து-லித்துவேனியா துண்டாடப்பட்டு வரைபடத்திலிருந்தே மறைந்தது. ஆக, மொஸ்கால் என்ற சொல்லுக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒரு பெயர்ச் சண்டை இருக்கிறது. நீ ரூஸ் அல்ல, நீ மாஸ்கோ என்ற மறுப்பு.

ஆனாலும் அது நெடுங்காலம் வசையாகவில்லை. 1832-இல் போலந்தின் பெருங்கவி ஆடம் மித்ஸ்கியேவிச் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பே 'மொஸ்கால் நண்பர்களுக்கு' என்பதுதான். போலந்து எழுச்சியை ஜார் நசுக்கியதற்கு அடுத்த ஆண்டு அது. நாட்டை இழந்த ஒரு கவிஞன், தன் நாட்டை விழுங்கிய நாட்டில் இருக்கும் தோழர்களை நினைத்து உருகுகிறான். 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்து தூக்கில் ஏறிய ரிலேயெவையும், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெஸ்துஷெவையும் சகோதரர்களாகப் பாடுகிறான். ரஷ்யர்களின் மேல் பொதுவாக வெறுப்பு காட்டும் சொல்லாக அது அன்று இருந்திருந்தால் அந்தத் தலைப்பில் அந்தக் கவிதை வந்திருக்க முடியாது.

அப்படியானால் கசப்பு எங்கிருந்து ஏறியது? உக்ரைனியக் கிராமத்து வாசலில் வந்து நின்ற சிப்பாயிடமிருந்து ஏறியது. இந்தச் சொல்லின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இதுதான். இணையச் சண்டைகளில் எப்போதும் விட்டுப்போவதும் இதுதான்.

மகா பீட்டர் 1705-இல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தார். ஒருவனைப் படைக்கு எடுத்தால் சாகும்வரை சிப்பாய்தான். 1793-இல் அது 25 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உக்ரைனியப் புல்வெளிகளின் குதிரைவீரர்களான கசாக்குகளின் தன்னாட்சி ஒழிக்கப்பட்ட பிறகு உக்ரைனியக் குடியானவர்களும் இந்த வலைக்குள் வந்தார்கள். எடுக்கப்பட்டவனின் முன்நெற்றி மயிரை மழித்துவிடுவார்கள், தப்பி ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று. இருபது வயதில் போனவன் திரும்பினால் நாற்பத்தைந்து வயதுக் கிழவனாகத் திரும்புவான். பெரும்பாலும் திரும்ப மாட்டான். மகனை அனுப்பும் வீட்டில் இழவு வீட்டைப் போல ஒப்பாரி வைத்து அழுதார்கள்.

இந்தப் படையில் சேர்வதற்கு உக்ரைனிய மொழியில் இருந்த பெயர் 'மொஸ்காலாகப் போவது'. கட்டாயமாகப் பிடித்துச் சேர்ப்பதற்கு 'மொஸ்காலாக மழித்தார்கள்' என்பார்கள். ஜாரின் சீருடை போட்டவன் யாராயிருந்தாலும் மொஸ்கால். அவன் பொல்தாவா பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்த உக்ரைனியனாக இருக்கலாம், தாத்தாரனாக இருக்கலாம், போலந்துக்காரனாக இருக்கலாம். 1907 முதல் 1909 வரை கீவில் வெளிவந்த போரிஸ் ஹ்ரின்சென்கோவின் அகராதி இந்தச் சொல்லுக்கு ரஷ்யன் என்ற பொருளோடு சிப்பாய் என்ற பொருளையும் தருகிறது. மொஸ்கால், மொஸ்காலென்கோ, மொஸ்காலிக் என்ற குடும்பப் பெயர்கள் உக்ரைனிலும் போலந்திலும் இன்றும் ஏராளம். இவற்றில் கணிசமானவை முன்னோரில் ஒருவர் அந்தப் படையில் இருந்ததால் ஒட்டிக்கொண்டவை. 1953-இல் ஸ்டாலினின் உளவுத்துறைத் தலைவர் பெரியாவைக் கைது செய்த குழுவில் இருந்த ராணுவத் தளபதியின் பெயர் கிரில் மொஸ்காலென்கோ. உக்ரைனில் பிறந்தவர். 2014-இல் ரஷ்ய ஆதரவுப் படைகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த லுஹான்ஸ்க் மாகாணத்துக்கு உக்ரைன் அனுப்பிய ஆளுநர் பெயர் ஹென்னாதி மொஸ்கால். அந்தப் பெயரோடு அவர் அங்கே உக்ரைன் கொடியின் கீழ் வேலை பார்த்தார்.

சிப்பாய்க்குத் தனிக் குடியிருப்பு கிடையாது. குடியானவன் வீட்டில்தான் தங்க வைத்தார்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு, அதில் குடும்பத்தோடு அந்நியச் சிப்பாய்கள். உணவும் விறகும் வீட்டுக்காரன் பாடு. கேட்டு வாங்குவார்கள், கேட்காமலும் எடுப்பார்கள். தட்டிக் கேட்க யாரும் இல்லை. அந்தக் காலத்து உக்ரைனியப் பழமொழிகளில் மொஸ்கால் வருகிற இடமெல்லாம் இந்த அனுபவத்தின் குரல்தான். "மொஸ்காலோடு நட்பு வை, மடியில் கல்லும் வை" என்பது ஒன்று. ரஷ்ய மொழியின் பெரும் அகராதியைத் தொகுத்த விளாதிமிர் தால் 1860-களில் இந்தச் சொல்லுக்கடியில் தெற்கத்தி மக்களின் ஒரு உரையாடலை எழுதிவைத்திருக்கிறார்: "யார் வருவது?" "பிசாசு!" "நல்லது, மொஸ்கால் இல்லையே."

மொஸ்காலை ஏற்றிச் செல்வது என்றால் பொய் சொல்வது, ஏமாற்றுவது என்றும் உக்ரைனிய மரபுத்தொடர் உண்டு. நிக்கொலாய் கோகல் உக்ரைனில் பிறந்து ரஷ்ய மொழியில் எழுதியவர். 1831-இல் வந்த அவருடைய சொரோசின்ஸ்தி சந்தைக் கதையில் ஒரு பாத்திரம், பிசாசு வேலை புகுந்த இடத்தில் நன்மையை எதிர்பார்ப்பது பசித்த மொஸ்காலிடம் எதிர்பார்ப்பதைப் போல என்கிறது. கேலிதான், ஆனால் பசித்த என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். சம்பளமும் சோறும் சரியாகக் கிடைக்காமல் அடுத்தவன் வீட்டில் கைவைத்த சிப்பாயின் படம் அதில் இருக்கிறது.

இவான் கொத்லியாரெவ்ஸ்கி 1819-இல் பொல்தாவா அரங்குக்காக எழுதிய 'மொஸ்கால் மந்திரவாதி' நாடகத்திலும் வீட்டில் தங்க வந்த சிப்பாய்தான் வருகிறான். அங்கே அவன் சமயோசிதக்காரன், பார்வையாளர் சிரித்துவிட்டுப் போகிற பாத்திரம். அந்தச் சிரிப்பு இருபது ஆண்டுகளில் மறைந்துபோனது. மறையவைத்தவர் உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ.

ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஓவியத் திறமையைப் பார்த்த பீட்டர்ஸ்பர்க் கலைஞர்கள் அவரை மீட்க முடிவு செய்தார்கள். ஓவியர் பிரியுலோவ் ரஷ்யக் கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்தார். அதைக் குலுக்கல் சீட்டில் விட்டுத் திரட்டிய 2,500 ரூபிளில் 1838 ஏப்ரல் 22 அன்று அவருக்கு விடுதலை வாங்கினார்கள். அதே காலத்தில் அவர் எழுதிய 'கத்தெரினா' என்ற நெடுங்கவிதை இப்படித் தொடங்குகிறது:

கரும்புருவப் பெண்களே, காதல் செய்யுங்கள்,
மொஸ்கால்களோடு மட்டும் வேண்டாம்.
மொஸ்கால்கள் அந்நியர்கள்,
உங்களுக்குக் கேடுதான் செய்வார்கள்.

ஊரில் தங்கிய படை அதிகாரியை நம்பி ஏமாறிய ஒரு பெண் கையில் குழந்தையோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, அவனைத் தேடி அலைந்து, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபின் உயிரை மாய்த்துக்கொள்ளும் கதை. மணமாகாமல் தாயான பெண்ணின் தலையில் துணியைக் கட்டி ஊர் ஒதுக்கிவைத்த காலம் அது. உக்ரைனியப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் வரிகள் இவை. ரஷ்யர்கள் மீதான வெறுப்புக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் அந்தக் கவிதையின் சமர்ப்பணத்தைப் படிக்க வேண்டும். ஷெவ்சென்கோ அதைக் காணிக்கையாக்கியது ஷுகோவ்ஸ்கிக்கு. தன் விடுதலைக்குக் காரணமான ரஷ்யருக்கு, விடுதலை நாளின் தேதியைப் போட்டு, "மொஸ்கால்களோடு வேண்டாம்" என்று தொடங்கும் கவிதையை அவர் கொடுத்தார். அதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரிந்திருக்காது. ஷுகோவ்ஸ்கி ரஷ்யர். மொஸ்கால் என்பது சீருடையும் அதிகாரமும் போட்டுக்கொண்டு உக்ரைனியக் கிராமத்துக்குள் வந்தவன். இரண்டையும் ஷெவ்சென்கோ மனதில் தனித்தனியே வைத்திருந்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரே மொஸ்கால் ஆனார். 1847-இல் கீவில் ரகசியச் சங்கம் ஒன்றில் தொடர்பு, ஜாரைப் பழித்த கவிதைகள் என்று கைது செய்து, தண்டனையாக ஒரென்பர்க் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்த்தார்கள். எழுதக் கூடாது, வரையக் கூடாது என்று ஜார் முதலாம் நிக்கலாஸ் தன் கையாலேயே ஆணையில் எழுதினார். ஒரு கவிஞனுக்கு, அதிலும் ஓவியனுக்கு, இதைவிடக் கொடுமையான தண்டனையை என்னால் யோசிக்க முடியவில்லை. பத்து ஆண்டுகள் ஒரென்பர்க் புல்வெளியிலும் காஸ்பியன் கரைப் பாலைவெளியிலும் கழிந்தன. ஒளித்து ஒளித்து எழுதினார். அப்போது எழுதிய 'மொஸ்காலின் கிணறு' கவிதையை இரண்டு முறை, 1847-இலும் 1857-இலும், வேறு வேறு வடிவில் படைத்தார். அதன் நாயகன் மக்சிம் ஒரு உக்ரைனியக் குடியானவன். படைக்குப் போய், உடல் ஊனமாகி ஊர் திரும்பி, வழிப்போக்கர் தாகம் தீர ஒரு கிணறு வெட்டுகிறான். ஷெவ்சென்கோ படைத்தவர்களிலேயே புனிதனுக்கு மிக நெருக்கமானவன் இவன்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் மொஸ்கால்.

'கத்தெரினா'வின் நான்கு வரிகளை மட்டும் எடுத்து வீசுகிற இரு தரப்பாரும் இந்தக் கிணற்றைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் இருக்கிறது.

அப்புறம் சிப்பாய் என்ற பொருள் மெல்லத் தேய்ந்தது. 1874-இல் எல்லோருக்கும் பொதுவான, ஆண்டுகள் குறைந்த படைச்சேவை வந்தது. படைமுகாம்கள் கட்டப்பட்டன, வீட்டில் தங்கவைப்பது குறைந்தது. அதே காலத்தில் வேறொரு பகை கூடியது. 1863-இல் உள்துறை அமைச்சர் வலூயெவ், தனியான உக்ரைனிய மொழி என்று ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற சுற்றறிக்கையை அனுப்பினார். 1876-இல் எம்ஸ் என்ற ஜெர்மானிய ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஜார் இரண்டாம் அலெக்சாண்டர், உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் தடை செய்தார். மொழி மறுக்கப்பட்ட ஒரு மக்கள் மறுத்தவர்களை எந்தப் பெயரால் நினைத்திருப்பார்கள் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவரை வாசலில் நின்ற ஆளைக் குறித்த சொல், இப்போது மொழியைப் பறிக்கும் அரசைக் குறித்தது. பெலாரசில் 1862-63-இல் கஸ்தூஸ் கலினோவ்ஸ்கி ரகசியமாக அச்சிட்டுக் குடியானவர்களுக்குக் கொடுத்த 'முஜிக் உண்மை' (குடியானவனின் உண்மை) இதழிலும் மஸ்கால் என்றால் ஜாரின் ஆட்சிதான்.

ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த கலீசியாவில், அதாவது இன்றைய லிவிவ் பகுதியில், நிலைமை வேறு. அங்கே உக்ரைனியர்களில் ஒரு சாரார் ரஷ்யாவைத் தாய்நாடாக நினைத்தார்கள். அவர்களை மொஸ்கால் பக்தர்கள் என்ற பொருளில் மொஸ்க்வோஃபில் என்றார்கள். 1914-இல் போர் வந்ததும் ஆஸ்திரிய அரசு அவர்களையும், வெறும் சந்தேகத்துக்கு ஆளானவர்களையும் கிராஸ் நகருக்குப் பக்கத்தில் தாலெர்ஹாஃப் முகாமில் அடைத்தது. பட்டினியிலும் நோயிலும் பலர் செத்தார்கள். ஒருவன் மேல் மொஸ்கால் முத்திரை விழுந்தால் உயிரே போகும் என்ற நிலை அங்கே உண்மையாக இருந்தது. இதைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்லக் கூடாது.

ரஷ்யப் படை போன இடமெல்லாம் இந்தப் பெயரின் ஏதோ ஒரு வடிவம் தங்கியது. துருக்கியில் மொஸ்கோஃப் என்பது ஒட்டோமான் காலப் போர்களின் மிச்சமான வசை. ருமேனியாவில் மட்டும் விசித்திரமான திருப்பம். அங்கே மஸ்கால் என்றால் ஒரு காலத்தில் குதிரைவண்டி ஓட்டுபவர். ரஷ்யாவில் சமயக் காரணத்துக்காக வேட்டையாடப்பட்ட ஸ்கோப்சி என்ற பிரிவினர் ருமேனியாவுக்குத் தப்பி வந்து புக்காரெஸ்ட் நகரில் வண்டியோட்டிகளானார்கள். நல்ல குதிரைகள், வெல்வெட் மேலங்கி, நாணயமான கூலி என்று பெயர் வாங்கியவர்கள். வசையாக மாற எல்லா வாய்ப்பும் இருந்த சொல் அந்த ஊரில் ஒரு தொழிலின் மரியாதைப் பெயராக நின்றது.

சோவியத் ஆட்சியில் மக்களினங்களின் நட்பு என்பது அரசுக் கொள்கை. மொஸ்கால் அச்சிலிருந்து விலகிப் பழைய இலக்கியத்துக்குள் ஒதுங்கியது; வீட்டுக்குள்ளும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் வாழ்ந்தது. எதிர்த்தரப்பில் ரஷ்யர்கள் உக்ரைனியர்களை ஹொஹோல் என்றார்கள். கசாக்குகள் மொட்டைத் தலையில் விடும் நீண்ட குடுமியின் பெயர் அது. இரண்டும் சம எடையுள்ள வசைகள் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஹொஹோல் ஆளும் பெரும்பான்மையின் வாயிலிருந்து வந்த செல்லக் கேலி. உன்னைத் தனி இனமாக நான் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பது அதன் தொனி. மொஸ்கால் ஆளப்பட்டவனின் முணுமுணுப்பு. சொல்லப்பட்டவனுக்கு வலித்திருக்கும், ஆனால் 1914-இன் கலீசியாவை விட்டால் அவன் வேலையோ மொழியோ அதனால் போனதில்லை.

கத்சாப் என்ற இன்னொரு வசையும் இருக்கிறது, மொஸ்காலைவிடக் கொச்சை. உக்ரைனிய மொழியில் 'யாக் த்சாப்' என்றால் கிடாவைப் போல. தாடி வளர்த்த ரஷ்யக் குடியானவனைத் தாடி மழித்த கசாக் கேலி செய்ததில் பிறந்தது என்பது ஊரறிந்த விளக்கம். கசாப்புக்காரனைக் குறிக்கும் அரபுச் சொல் துருக்கிய மொழிகள் வழியாக வந்தது என்பது மற்றொன்று. நம் கசாப்புக் கடைக்கும் அந்த அரபு வேர்தான். அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மொஸ்காலைப் போல இதற்கு இலக்கியத்தில் கௌரவமான வாழ்வு இருந்ததில்லை.

மறுபடி 2013-14 குளிர்காலத்துக்கு வருவோம். சதுக்கத்தில் "குதிக்காதவன் மொஸ்கால்" என்பதோடு, மொஸ்காலைக் கிளையில் தொங்கவிடு என்ற பொருளில் இன்னொரு கோஷமும் தீவிரத் தேசியவாதிகளின் வாயில் கேட்டது. முதலாவது விளையாட்டு என்று ஒதுக்கலாம். இரண்டாவது கொலை மிரட்டல். 2001 கணக்கெடுப்பின்படி உக்ரைனில் ரஷ்ய இனத்தவர் 17.3 சதவீதம், ஏறத்தாழ 83 லட்சம் பேர். கார்கிவ் நகரில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு ரஷ்யப் பெண்மணிக்கு அந்தக் கோஷம் கேட்கும்போது, இது மாஸ்கோ அதிகாரத்தைத்தான் குறிக்கிறது என்ற விளக்கம் எந்த ஆறுதலும் தராது. சொன்னவனின் நோக்கத்தோடு சொல்லின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அதே சமயம், அந்தக் கோஷங்களைக் காட்டி கிரிமியாவைப் பிடித்ததையும் கிழக்கு உக்ரைனின் தோன்பாஸில் போர் மூட்டியதையும் நியாயப்படுத்திய ரஷ்ய அரசின் வேலை, வசை சொன்னவனைக் கண்டிக்கிறேன் என்று வீட்டையே கொள்ளையடித்த வேலை.

2015-இல் சண்டை ஃபேஸ்புக்கில் தொடர்ந்தது. மொஸ்கால், ஹொஹோல் இரண்டையும் வெறுப்புப் பேச்சு என்று கருதி அந்த நிறுவனம் பதிவுகளை நீக்கத் தொடங்கியது. ரஷ்யாவின் ஊடகக் கண்காணிப்புத் துறையின் துணைத் தலைவர் மக்சிம் க்செந்ஸோவே ஹொஹோல் சொல்லால் முடக்கப்பட்டு, வெளிப்படையாகப் புலம்பினார். மற்றொரு ரஷ்ய வலைப்பதிவர் புஷ்கினின் 'என் வம்சாவளி' கவிதையைப் பதிவிட்டார். அதில் ஹொஹோல் வருகிறது. அதுவும் தடைபட்டது. புஷ்கினைத் தடுத்தால் ஷெவ்சென்கோவையும் தடுக்க வேண்டும். "கரும்புருவப் பெண்களே" என்று ஒரு பள்ளி ஆசிரியர் பதிவிட்டால் அது இலக்கியமா வெறுப்பா என்று ஒரு இயந்திரம் முடிவு செய்ய முடியாது. சொல்லைப் பட்டியலில் போட்டுத் தடுக்கிற முறை எங்கே தோற்கும் என்பதற்கு இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு இவையெல்லாம் வேறு தளத்துக்குப் போய்விட்டன. படையெடுத்து வந்தவர்களை உக்ரைனியர்கள் ஓர்க் என்றார்கள், கற்பனைக் கதைகளில் வரும் அரக்கப் படையின் பெயரால். ரூஸ்னியா என்ற இழிவான கூட்டுப்பெயரும் பரவியது. ரஷ்யா, பாசிசம் இரண்டையும் கலந்து ரஷிசம் என்ற சொல் எழுந்தது. 2023 மே 2 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் அதற்கு அதிகாரபூர்வ வரையறையே கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இவற்றுக்கு நடுவில் மொஸ்கால் பழைய, கொஞ்சம் பாட்டி காலத்துச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அது மறைந்துவிடவில்லை. காரணம் வெளிப்படை. சீருடை போட்ட அந்நியன் மறுபடி வீட்டு வாசலில் வந்து நின்றான். கீவுக்கு வடக்கே ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்களில் அவன் மறுபடி குடியானவன் வீட்டில் தங்கினான், அடுப்பைப் பிடித்துக்கொண்டான், பாத்திரத்தையும் சலவை இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனான். 1874-க்குப் பின் மங்கியிருந்த பொருள் முழு உயிரோடு திரும்பியது. அன்று ஷெவ்சென்கோ தனித்தனியே வைத்திருந்த இரண்டும், ரஷ்யனும் சிப்பாயும், இன்று பல உக்ரைனியர்களின் மனதில் ஒன்றாகிவிட்டன. ரஷ்யப் படை பொதுமக்களைக் கொன்ற புச்சாவில் உறவைப் புதைத்தவரிடம் போய் அவற்றைப் பிரித்துப் பார் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எட்டி நின்று எழுதும் என்னைப் போன்றவர்கள் பிரித்தே எழுத வேண்டும். 2022-இல் மாஸ்கோவில் போர் வேண்டாம் என்று அட்டை பிடித்து நின்று கைதானவர்களும் ரஷ்யர்கள்தான்.

பழைய பெயர்ச் சண்டையும் கூடவே திரும்பியிருக்கிறது. ரஷ்யாவை இனி உக்ரைனிய மொழியில் மொஸ்கோவியா என்று அழைக்க வேண்டும் என்ற மனு 25,000 கையெழுத்துகளைத் தாண்டியது. அதன் சாத்தியத்தை ஆராயும்படி 2023 மார்ச்சில் அதிபர் ஜெலென்ஸ்கி பிரதமரிடம் சொன்னார். ரூஸ் என்ற பெயர் மாஸ்கோவுக்கு உரியதல்ல என்ற, 1764-க்கு முந்தைய அதே வாதம். ரஷ்யாவின் முன்னாள் அதிபர் மெத்வெதேவ் பதிலுக்கு உக்ரைனுக்கே ஒரு வசைப்பெயர் சூட்டினார். பெயர்மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் நாம் உக்ரைனை அறிந்தது பெரும்பாலும் மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்கள் வழியாக. அவை நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் அந்த வாசிப்பில் கோகல் ரஷ்யர், கீவ் ஒரு சோவியத் ஊர். 2022-இல் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் போரிலிருந்து மீண்டு வந்தபோதுதான் பலருக்கு அது தனி நாடு, தனி மொழி என்பது உறைத்தது. அதனால்தான் இந்தச் சொல்லை நம் செய்திகளில் ரஷ்யர்களுக்கான உக்ரைனிய வசை என்று ஒரு வரியில் கடந்துபோவதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

இன்றைய புழக்கம் இதுதான். உக்ரைனிய மொழியில் ரஷ்யரைக் குறிக்கும் பொதுச்சொல் ரொசியானின். செய்தியிலும் நீதிமன்றத்திலும் பாடநூலிலும் அதையே எழுதுகிறார்கள். மொஸ்கால் என்று நேரில் ஒருவரைச் சொன்னால் அது அவமதிப்பு. போலிஷ் மொழியிலும் அப்படியே. போர்முனைப் பேச்சில் எதிரிப் படை என்று பொருள். ஷெவ்சென்கோ பாடத்தில் சிப்பாய் என்று ஆசிரியர் விளக்குகிறார். போருக்குப் பிறகு பல உக்ரைனியச் செய்தித் தளங்கள் ரஷ்யாவின் பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்கி எழுதுகின்றன. அதிகாரபூர்வமல்லாத எழுத்தில் அது பிழையாகாது என்று 2023-இல் அந்நாட்டு மொழி ஆணையமும் சொல்லிவிட்டது. வசைச்சொல்லைப் பயன்படுத்தத் தயங்குகிற பலர் தங்கள் கோபத்தை அந்த ஒற்றை எழுத்தில் காட்டுகிறார்கள்.